கேள்வி–பதில்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து பர்க்லிக்கு ஒரே ஆண்டில் மாற முடியுமா?

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முடிவுகள் மார்ச் மாதம் வெளியான பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, கூடிய விரைவில் பர்க்லி போன்ற பெரிய பல்கலைக்கழக வளாகத்துக்கு மாறுவது எப்படி என்பதுதான் அது. எனவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவற்றுள் ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறான். பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்று வளாகங்களும் கைவிரித்துவிட்டன. மெர்செட் மட்டும் இடம் தந்திருக்கிறது. அவனோ குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா காலேஜில் சேர்ந்து, ஒரே ஆண்டில் பர்க்லியில் கணினி அறிவியலுக்கு மாறிவிடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகளில், கால்குலஸ் பி.சி. உட்பட ஐந்து எழுதியிருக்கிறான். இது நடக்கக்கூடியதா? மெர்செடில் சேர்ந்து அங்கிருந்து பர்க்லிக்கு மாறுவது இதைவிட எளிதல்லவா? கம்யூனிட்டி காலேஜ் என்று உறவினர்களிடம் சொல்லவே என் மனைவி கூசுகிறாள்.
— ஒரு தந்தை, ஃப்ரீமாண்ட்

பதில்: ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அளவான யூனிட் கணக்கில் முடியும், பாடங்களின் வரிசைக் கணக்கில் முடியாது என்றே சொல்வேன். உங்கள் மகன் முதல் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று தோன்றுகிறது.

அவன் போட்ட கணக்கு இப்படித்தான் இருந்திருக்கும். மூன்றாம் ஆண்டு மாணவனாக மாறுவதற்கு, சேரப்போகும் இலையுதிர் பருவத்துக்கு முந்தைய வசந்தப் பருவம் முடிவதற்குள் 60 செமஸ்டர் யூனிட்டுகள், அதாவது ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் டி ஆன்சா போன்ற குவார்ட்டர் முறைக் காலேஜில் 90 யூனிட்டுகள், முடிந்திருக்க வேண்டும். ஏ.பி. தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தால் பல்கலைக்கழகம் அதற்கும் யூனிட் தருகிறது, கால்குலஸ் பி.சி. ஒன்றுக்கே 8 குவார்ட்டர் யூனிட் உண்டு. ஐந்து தேர்வுகளுக்கும் சேர்த்து 30 குவார்ட்டர் யூனிட் தேறும் என்று வைத்துக்கொண்டால் மீதி 60. கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்ற நான்கு பருவங்களுக்கும் பங்கிட்டால் பருவத்துக்கு 15 யூனிட். கோடைப் பருவம் குறுகியது என்பதால் அது மட்டும் மூச்சு முட்டும். மற்ற மூன்றிலும் 15 யூனிட் என்பது வழக்கமான முழுநேரச் சுமைதான். தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

ஆனால் கணினி அறிவியலும் பொறியியலும் கேட்பது வெறும் 60 யூனிட்டை அல்ல, இன்னின்ன பாடங்களை. அந்தப் பாடங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வருகின்றன. டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டர் நீளம். நேரியல் இயற்கணிதம் அதற்கும் பின்னால் வருகிறது. சில வளாகங்கள் கேட்கும், பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியலும் நான்கு குவார்ட்டர். நிரலாக்கப் பாடங்களும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். முதலாவதை முடிக்காதவன் இரண்டாவதில் பெயரைப் பதிய முடியாது. பி.சி. தேர்வு கால்குலஸின் முன்பாதியைக் கழித்துக் கொடுத்தாலும், இயற்பியலின் நான்கு கண்ணிகளைத் கோடை போக மீதியுள்ள மூன்று குவார்ட்டருக்குள் அடக்க எந்தத் திறமையாலும் இயலாது. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் படிக்கிறான் என்பது இங்கே பொருட்டே அல்ல. ஒரு கண்ணி முடியும்வரை அடுத்தது காத்திருக்கத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை நாட்காட்டியில் இருக்கிறது. பெற்றோர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. விண்ணப்பத்தை அனுப்பும் காலம் அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதிவரை. டி ஆன்சாவில் இலையுதிர் குவார்ட்டர் தொடங்குவதோ செப்டம்பர் கடைசியில். முடிவது டிசம்பர் நடுவில். அப்படியானால், ஓராண்டில் மாற நினைக்கும் மாணவன் விண்ணப்பத்தை அனுப்பும்போது அவன் கையில் கோடையில் வாங்கிய இரண்டு மூன்று கிரேடுகளைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கும்போது ஒரே ஒரு குவார்ட்டரின் கிரேடுகள் கூடுதலாகச் சேரும். அவனோடு போட்டியிடுபவர்களோ நான்கைந்து பருவங்களின் கிரேடுகளையும், கால்குலஸையும் இயற்பியலையும் முடித்த பட்டியலையும் வைத்திருப்பார்கள். பர்க்லி கணினி அறிவியலுக்கு மாற்றத்தில் சேர்க்கப்படுபவர்களின் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி கிரேடு, பெரும்பாலும் 3.8-க்கு மேல் இருக்கிறது. அங்கே ‘இனிமேல் எடுக்கப்போகிறேன்’ என்ற வாக்குறுதிக்கு எடை குறைவு. மாணவனின் பள்ளி மதிப்பெண்ணை மூன்றாம் ஆண்டு மாற்றத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை, எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் பார்ப்பதே இல்லை என்பதால், காலேஜில் வாங்கும் கிரேடு மட்டுமே அவனுக்காகப் பேசும். அதைக் காட்டுவதற்கான காலத்தையே அவசரத்தில் கொடுத்துவிட்டால், பேசுவதற்கு என்ன மிஞ்சும்?

எனவே இரண்டு ஆண்டுத் திட்டமாகப் போடச் சொல்லுங்கள். இந்தக் கோடையிலேயே தொடங்கட்டும். இயற்பியலின் முதல் பாடத்தையும் கால்குலஸின் அடுத்த பாடத்தையும் முதல் இலையுதிர் பருவத்திலேயே எடுக்கட்டும். வரலாறு, கலை, சமூகவியல் போன்ற பொதுப் பாடங்களுக்குச் சங்கிலி கிடையாது. அவற்றை இடைவெளிகளில் எங்கு வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். அறிவியல் மாணவர்கள் பலர் எளிதான பொதுப் பாடங்களை முதலாண்டிலேயே முடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கணிதமும் இயற்பியலும் நிரலாக்கமும் ஒரே பருவத்தில் வந்து மோதும்போது திணறுகிறார்கள். வேகம் வேண்டுமென்றால் நீளமான சங்கிலியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் ‘அசிஸ்ட்’ என்ற இணையதளம். எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அங்கே துறைவாரியாகக் காணலாம். சென்ற ஆண்டு ஒரு பையன் அந்தப் பட்டியலை அச்செடுத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். பர்க்லிக்கு மஞ்சள், லாஸ் ஏஞ்சலஸுக்குப் பச்சை, சான் டியேகோவுக்கு நீலம் என்று கோடிட்டுக்கொண்டே போனான். மூன்று நிறமும் சேர்ந்து விழுந்த பாடங்கள் ஏழோ எட்டோ இருந்தன. அவற்றை முதலில் எடுத்தான். ஒரு நிறம் மட்டும் விழுந்தவற்றைக் கடைசிக்குத் தள்ளினான். எந்த ஆலோசகரும் இதைவிடச் சிறப்பாக வழி சொல்லியிருக்க முடியாது.

பதிவு செய்யும் நாளையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். புதிய மாணவர்களுக்குப் பதிவு நாள் பிந்தித்தான் வரும். அதற்குள் இயற்பியல் வகுப்புகள் நிரம்பிவிடும். வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், ஏழாவது, எட்டாவது இடத்தில் நிற்பவன் முதல் நாள் வகுப்புக்குப் போய், கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்து, ஆசிரியரிடம் சேர்க்கைக் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். போகாதவனுக்கு இடம் இல்லை. டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் ஒரே மாவட்டத்துக் காலேஜ்கள் என்பதால், ஒன்றில் கிடைக்காத பாடத்தை மற்றொன்றில் தேடலாம்.

மெர்செடைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்து பர்க்லிக்கு மாறுவது எளிதல்ல, கடினம். மாற்றத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் பல்கலைக்கழகம் முதல் உரிமை தருகிறது. இன்னொரு வளாகத்திலிருந்து வருபவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். மெர்செட் 2005-இல் திறக்கப்பட்ட, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வளாகம். அங்கே தங்கிப் படித்துப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடு சேர்ந்தால் நல்ல முடிவு, படிக்கட்டாக நினைத்துச் சேர்ந்தால் தவறான முடிவு.

உங்கள் மனைவியின் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்த வழி யாரோ பின்வாசலில் வெட்டிய குறுக்குப் பாதை அல்ல. 1960-இல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் முடிப்பதை ஒரு முறையான பாதையாகவே அமைத்தது. முதலாண்டில் சேரும் இரண்டு பேருக்கு ஒருவர் என்ற அளவில், பிற காலேஜ்களிலிருந்து மாறி வரும் மாணவர்களைச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகம் தன் இலக்காக வைத்திருக்கிறது. மாநிலவாசிகளுக்குச் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். முடிவில் பெறும் பட்டத்தில் பர்க்லியின் பெயர் மட்டுமே இருக்கும். உறவினர்களிடம் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். அம்மா கூசுவது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்காகத்தான் பிள்ளைகள் ‘ஒரே ஆண்டில் மாறிவிடுகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் டயாப்லோ வேலி காலேஜில் சேரப்போகிறாள். பள்ளியில் படித்தபோதே அதே காலேஜில் ஆறு பாடங்களை முடித்திருக்கிறாள், மூன்று ஏ.பி. தேர்வுகளும் உண்டு. சமூகவியல் படிக்க ஆசை. லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் அவளுடைய கனவு. அவளும் ஓராண்டில் மாறக் கூடாதா? ‘டேக்’ என்ற சேர்க்கை உத்தரவாதத் திட்டத்தில் சேர்ந்தால் லாஸ் ஏஞ்சலஸுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா?
— ஒரு வாசகி, சான் ரமோன்

பதில்: உங்கள் மகள் முயலலாம் அம்மா. முந்தைய கடிதத்துப் பையனுக்குச் சொன்னது அவளுக்குப் பொருந்தாது. சமூகவியலுக்கு நீண்ட சங்கிலி கிடையாது. அறிமுகப் பாடங்கள் சிலவும் புள்ளியியலும்தான் முன்கூட்டி வேண்டியவை. பள்ளிக் காலத்தில் எடுத்த ஆறு காலேஜ் பாடங்களின் கிரேடுகளும் அவளுடைய பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால், நவம்பரில் வெறுங்கையோடு நிற்கமாட்டாள். அவள் கவனிக்க வேண்டியது ஆங்கிலக் கட்டுரைப் பாடங்களை. பல்கலைக்கழகம் கேட்கும் ஏழு அடிப்படைப் பாடங்களில் இரண்டு ஆங்கிலம், ஒன்று கணிதம். மீதி நான்கு பிற துறைகளிலிருந்து வரும். இரண்டு ஆங்கிலப் பாடங்களையும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும் என்பதால், முதலாவதைக் கோடையிலேயே முடித்துவிட்டால் நிம்மதி.

‘டேக்’ பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இந்த உத்தரவாதத்தைத் தருகின்றன. பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. ஆறில் ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து செப்டம்பர் மாதத்துக்குள் உத்தரவாதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அக்டோபரிலோ நவம்பரிலோ பொது விண்ணப்பத்தில் அந்த வளாகத்தையும், விரும்பும் பிற வளாகங்களையும் சேர்த்துக் குறிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் கிடைத்தால் அங்கே போகலாம். கிடைக்காவிட்டால் உத்தரவாதம் கையில் இருக்கும். கட்டாயம் ஏதும் இல்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. உத்தரவாதத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். அவளுடைய ஆறு பாடங்களும் ஏ.பி. யூனிட்டுகளும் கோடைப் பாடமும் சேர்ந்து அந்த எண்ணிக்கையைத் தொடுகின்றனவா என்பதை ஆகஸ்டிலேயே கவுன்சலரிடம் போய் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். செப்டம்பரில் கவுன்சலரைப் பார்க்க நேரம் வாங்குவது பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் பேருந்து பிடிப்பதைப் போன்றது. தேவைப்படும் ஜி.பி.ஏ. வளாகத்துக்கும் துறைக்கும் ஏற்ப வேறுபடும். கணினி அறிவியல் போன்ற சில துறைகளைச் சில வளாகங்கள் உத்தரவாதத்திலிருந்தே விலக்கிவைத்திருக்கின்றன. எனவே அந்தந்த ஆண்டின் பட்டியலை மட்டுமே நம்ப வேண்டும். மூத்தவர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த பட்டியலை நம்பக் கூடாது.

விண்ணப்பத்தில் நான்கு சிறு கட்டுரைகள் உண்டு. ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அவற்றில் மாறி வரும் மாணவர்கள் எல்லோரும் எழுதியாக வேண்டியது, தேர்ந்தெடுத்த துறைக்குத் தங்களை எப்படித் தயார்செய்துகொண்டார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை. ஓராண்டில் மாற நினைப்பவள் அதை ஜூலையிலேயே எழுதத் தொடங்குவது நல்லது.

கேள்வி: முதல் பருவத்தில் வேதியியலில் ‘சி’ வாங்கிவிட்டேன். இன்னொரு பாடத்தில் பாதியில் விலகி ‘டபிள்யூ’ வாங்கினேன். வேதியியலை வேறொரு காலேஜில் மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்கினால் பழையது மறைந்துவிடுமா?
— ஒரு மாணவன், சாக்ரமென்டோ

பதில்: மறையாது தம்பி. ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்தாலும் பல்கலைக்கழகம் புதிய கிரேடைக் கணக்கில் கொள்ளாது. ‘டி’ அல்லது ‘எஃப்’ வாங்கியிருந்தால் மட்டுமே மறுமுயற்சிக்குப் பலன் உண்டு. எனவே அந்த ‘சி’யை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வேதியியல் பாடத்தில் நல்ல கிரேடு வாங்குங்கள். ‘டபிள்யூ’ ஜி.பி.ஏ.வைப் பாதிக்காது. ஒன்றிருந்தால் யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள். பருவத்துக்கு ஒன்று என்று தொடர்ந்தால்தான் கேள்வி எழும். வேறு காலேஜில் படித்தால் அதையும் விண்ணப்பத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். எந்தக் காலேஜையும் மறைக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் அடுத்த பருவத்தில் ஆறு பாடங்கள் எடுத்து ‘ஈடுகட்டப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. அவருக்கு ஏப்ரலில் ஒரு நல்ல வளாகத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்து, இந்தியாவுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிக் கொண்டாடினார்கள். வசந்தப் பருவத்தில் அவர் எடுத்திருந்தது ஆறு பாடங்கள். மே மாதம் இயற்பியலில் சமாளிக்க முடியாமல், வளாகத்துக்குத் தெரிவிக்காமலே விலகிவிட்டார். சேர்க்கை என்பது நிபந்தனைக்கு உட்பட்டது. விண்ணப்பத்தில் குறித்த பாடங்களைக் குறித்தபடி ‘சி’க்குக் குறையாமல் முடிக்க வேண்டும், மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அதில் எழுதியே இருக்கிறது. ஜூலையில் இறுதி மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர்ந்ததும் சேர்க்கை ரத்தாகிவிட்டது. அன்று மாலை அவருடைய அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்து, எதுவும் பேசாமல் நெடுநேரம் இருந்தார். நான்கு பாடங்கள் எடுத்து நான்கையும் ஒழுங்காக முடியுங்கள் தம்பி.

கேள்வி: நாங்கள் வேலைக்கான எச்-1பி விசாவில் ஆறு ஆண்டுகளாக சான்டா கிளாராவில் இருக்கிறோம். மகன் எங்களைச் சார்ந்தவனாக எச்-4 விசாவில் இருக்கிறான். அவனுக்கு 19 வயது முடிந்துவிட்டது. 21 வயதில் எச்-4 தகுதி போய்விடும். அதனால்தான் சீக்கிரம் மாறச் சொல்கிறோம். நாங்கள் அவசரப்படுவது தவறா?
— ஒரு தாய், சான்டா கிளாரா

பதில்: தவறே இல்லை அம்மா. இதுவரை வந்த கடிதங்களில் அவசரத்துக்கு உண்மையான காரணம் சொன்னவர் நீங்கள்தான். மேலே நான் எழுதிய நிதானம் உங்கள் வீட்டுக்கு வேறு விதமாகப் பொருந்தும்.

எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் கட்டண நோக்கில் கலிஃபோர்னிய மாநிலவாசிகளாகத் தகுதி பெற முடியும். எஃப்-1 மாணவ விசாவில் இருப்பவர்களால் முடியாது. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல். 21 வயதில் உங்கள் மகன் எஃப்-1-க்கு மாற நேர்ந்தால் அவனுடைய கட்டண வகைப்பாடும் மாறக்கூடும். எனவே துறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் எடை போடுங்கள். நீண்ட சங்கிலி கொண்ட பொறியியலா, சங்கிலி குறைந்த பொருளியலா என்ற கேள்வி மற்ற பிள்ளைகளுக்கு விருப்பத்தைப் பொறுத்தது. உங்கள் மகனுக்கு அது பிறந்த தேதியையும் பொறுத்தது. எந்த வளாகத்துக்குப் போக நினைக்கிறானோ, அந்த வளாகத்தின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் 20 வயது முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். அவனுக்கு உத்தரவாதத் திட்டம் கட்டாயம் வேண்டும். பர்க்லிக்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க அவனால் முடியாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே வந்து இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய படிப்பின் வேகத்தை இப்படி ஒரு தேதி நிர்ணயிப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை தருகிறது.

கேள்வி: என் மகன் கோவையில் பிளஸ் டூ முடிக்கிறான். முதல் இரண்டு ஆண்டுகளைக் கலிஃபோர்னிய கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் படித்துவிட்டு, பிறகு பர்க்லிக்கு மாறிவிடலாம் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கணக்கைக் காட்டினார்கள். அனுப்பலாமா?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: அந்த 46 டாலர் உங்கள் மகனுக்கு உரியது அல்ல, அது மாநிலவாசிகளுக்கான கட்டணம். மாணவ விசாவில் வருபவருக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும். முதலாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி இல்லை. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் தனி. பர்க்லிக்கு மாறிய பிறகும் வெளியாருக்கான கட்டணம்தான். மேலும், மாநிலவாசிகள் விண்ணப்பிக்கக் குறைந்த அளவாக 2.4 ஜி.பி.ஏ. கேட்கிறார்கள் என்றால் வெளியாருக்கு அது 2.8, சேர்க்கை கிடைக்க இரண்டுமே போதாது என்பது வேறு.

இந்த வழியில் வந்து நன்றாகப் படித்து முன்னேறிய வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள்; எனவே அனுப்பவே கூடாது என்று சொல்லமாட்டேன். நான்கு ஆண்டுகளுக்குமான முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். காலேஜின் இணையதளத்தில் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணப் பக்கத்தைத் திறந்து அதோடு ஒப்பிடுங்கள். இரண்டாண்டு முடிவில் பர்க்லி கிடைக்காமல் வேறொரு வளாகம் கிடைத்தால் அதற்கும் பணம் கட்ட முடியுமா என்று உங்கள் மகனையும் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.